வேறு இடங்களிலும் காணப்படுகிறது

1. யாரோ எழுதிய பந்தி

நான் எழுதாத ஒரு பந்தி என் பெயரில் அச்சாகியிருந்ததை ஒரு திங்கட்கிழமை காலையில்தான் பார்த்தேன்.

எங்கள் ஆபிஸ் வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்தது. பைண்ட் பண்ணி வந்த ரிப்போர்ட் மேசைமேல் கிடந்தது. ஹெந்தளைப் பக்கம் ஒரு சதுப்பு நிலத்தை மண் போட்டு நிரப்பி அடுக்குமாடி வீடுகள் கட்டவிருந்த கம்பெனிக்காக நாங்கள் செய்த சுற்றாடல் தாக்க மதிப்பீடு அது. உயிரினங்கள் பற்றிய அத்தியாயம் என் பொறுப்பு. பக்கங்களைச் சும்மா தட்டிக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

"உயிரினங்கள் அழிந்துபோவது இயற்கையான நிகழ்வு. பூமியில் இதுவரை வாழ்ந்த இனங்களில் மிகப் பெரும்பாலானவை மனிதன் தோன்றுவதற்கு முன்னரே அழிந்துவிட்டன. ஆகவே இத்திட்டத்தால் ஏற்படக்கூடிய இழப்பை இயற்கையான பின்னணி அழிவின் ஒரு பகுதியாகக் கருதலாம். மேலும், இவ்வினங்கள் வேறு இடங்களிலும் காணப்படுகின்றன."

முதல் இரண்டு வாக்கியங்களும் உண்மை. மூன்றாவது பொய். நான்காவது உண்மையா பொய்யா என்று ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. கீழே என் பெயர், என் பட்டம்.

எனக்குக் காது சுட்டது. இத்தனை வருடங்களுக்குப் பிறகு இதை எழுதும்போதும் சுடுகிறது.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. அப்பா துறைமுகத்தில் கிளார்க். விலங்கியல் படித்து, இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலை செய்து ஓய்வு பெற்றவள். இப்போது இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். சந்தோஷமான அனுபவங்களும் உண்டு. ஆனால் உங்களுக்கு உதவப்போவது இதுதான் என்பதால் இதையே எழுதுகிறேன்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஓரிடத்தில் பெரிதாக ஏதும் கட்டுமுன் அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, கட்டினால் அவற்றுக்கு என்ன ஆகும் என்று ஒருவர் போய்ப் பார்த்து எழுத வேண்டும். கம்பூட்ஸ் போட்டு, கைவலை பிடித்து, அட்டைக் கடி வாங்கி நாங்கள் எழுதுவோம். அதை வாசித்துத்தான் அனுமதி கொடுப்பார்கள். எங்களை அமர்த்துவது கட்டப்போகிற கம்பெனியேதான். இந்த வேலையின் சிக்கல் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

ஹெந்தளையில் நாங்கள் கண்டவற்றில் ஒரு மீன் இருந்தது. வளர்ந்தாலும் ஒரு அங்குலம் வராது. சிங்களத்தில் ஹொரதண்டியா என்பார்கள். தமிழில் அதற்குப் பெயர் இருப்பதாக நான் கேட்டதில்லை. மேற்குக் கரையோரத் தாழ்நிலத் தண்ணீரில், நீர்ப்பூண்டுகளின் நிழலில் கூட்டமாக நிற்கும். உள்ளங்கைத் தண்ணீரில் எடுத்துப் பார்த்தால் உடல் கண்ணாடி மாதிரி, உள்ளே குடல்கூடத் தெரியும். உலகத்தில் இந்தத் தீவில் மட்டும் இருக்கிற மீன். அதைத்தான் அந்தப் பந்தி "இயற்கையான இழப்பு" என்று சொன்னது.

2. பாலேந்திரா சேர்

எங்கள் கம்பெனியை நடத்தியவர் பாலேந்திரா சேர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது வெள்ளவத்தை. அவர் ஏதோ படிக்காத முதலாளி என்று நினைத்துவிடாதீர்கள். ஃபொசில் சிப்பிகளில் பிஎச்டி செய்தவர். பூமியில் எந்தக் காலத்தில் எந்த உயிர் ஏன் போனது என்பதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். என் கோபத்தின் பாதி அதனால்தான்.

ரிப்போர்ட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

"சேர், இதை ஆர் எழுதினது?"

கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நான்தான். கிளையன்ட் கொஞ்சம் பேலன்ஸ் பண்ணச் சொல்லிக் கேட்டவை. இதில என்ன பிழை? இனங்கள் அழியிறது இயற்கை இல்லையோ? நீர் சொல்லும்."

"இயற்கைதான் சேர்."

"பிறகென்ன? பின்னணி அழிவு எண்டு ஒண்டு இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா இது அதில்ல. உங்களுக்கே தெரியும்."

"பிலோமினா, நீர் தேவையில்லாம உணர்ச்சிவசப்படுறீர். சயன்ஸ்காரருக்குக் கோபம் கூடாது."

இந்தத் தந்திரத்தை உங்கள் மேசைக்கும் ஒருநாள் கொண்டுவருவார்கள். அதனால் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

சாதாரண காலத்திலும் இனங்கள் அழிந்துகொண்டுதான் இருக்கும். அதுதான் பின்னணி அழிவு. ஓர் இனம் தோன்றி, பல இலட்சம் வருடங்கள், சிலவேளை சில மில்லியன் வருடங்கள் இருந்துவிட்டுப் போகும். இங்கே ஒன்று, நெடுங்காலம் கழித்து இன்னோரிடத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அதனதன் காரணம் இருக்கும். ஓர் ஆறு திசை மாறியிருக்கலாம், ஒரு நோய் வந்திருக்கலாம், அதைவிடக் கெட்டித்தனமான இன்னொரு பிராணி வந்து சேர்ந்திருக்கலாம். அதற்குள் வேறெங்கோ புதிய இனங்கள் பிரிந்து உருவாகும். போவதும் வருவதும் ஏறக்குறைய ஈடாகும். போகிறவை பெரும்பாலும் ஒரே மலையில், ஒரே குளத்தில் மட்டும் இருந்தவை. பரவலாக வாழ்பவை தப்பிக்கொள்ளும். ஓரிடத்தில் செத்தாலும் பக்கத்திலிருந்து திரும்ப வந்து நிரம்பிவிடும்.

பேரழிவு என்பது இதே விஷயம் கொஞ்சம் கூடுதலாக நடப்பது அல்ல. அங்கே விதிகளே மாறிவிடுகின்றன. ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத உயிர்க் கூட்டங்கள், கடலிலும் தரையிலும், உலகம் முழுவதும், பூமியின் வயதோடு பார்த்தால் கண்மூடித் திறக்கிற நேரத்தில் போய்விடும். புதியவை தோன்றும் வேகம் அதை எட்டிப் பிடிக்காது. சாதாரண காலத்தில் ஓர் இனத்தைக் காப்பாற்றிய குணங்கள் அப்போது காப்பாற்றாது. அம்மொனைட் என்ற சுருள் சிப்பிப் பிராணிகள் எத்தனையோ கோடி வருடம் எல்லாக் கடலிலும் நிறைந்திருந்தன. டைனோசர்கள் போன அதே அழிவில் அவையும் போய்விட்டன. எல்லாக் கடலிலும் இருந்ததால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஏனென்றால் எல்லாக் கடலுக்கும் ஒரே நேரத்தில் அடி விழுந்தது. அப்படிப் பெரியவை ஐந்து நடந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பிறகு பூமி மறுபடி உயிர்களால் நிறைவதற்கு மில்லியன் கணக்கான வருடங்கள் எடுத்தன. நிறைந்தபோதும் பழையவை திரும்பி வரவில்லை.

இப்போது நடப்பது ஆறாவதா என்று விஞ்ஞானிகளுக்குள் வாதம் உண்டு. அதை மறைக்காதீர்கள். இதுவரை இழந்த பங்கை மட்டும் பார்த்தால் அந்த ஐந்தின் அளவுக்கு நாம் வரவில்லை. ஆனால் போகிற வேகம் சாதாரண காலத்து வேகத்தைவிட எத்தனையோ மடங்கு என்பதில் பெரிய வாதம் இல்லை. நம்முடைய தீவிலேயே, அந்தக் காலத்தில் பிடித்துப் போத்தலில் போட்டு வைத்த தவளைகளில் பல, இன்று போத்தலில் மட்டும்தான் இருக்கின்றன.

இவை எல்லாம் பாலேந்திரா சேருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் "பின்னணி" என்ற சொல்லை அங்கே போட்டார். சொல் சரியான சொல், பாடப்புத்தகத்துச் சொல். அது இருக்கக்கூடாத இடம் அந்த ரிப்போர்ட்.

"கடைசி வரியாவது சரி பார்த்தீங்களா சேர்? வேற இடங்கள்ல இருக்கு எண்டது?"

"பழைய சர்வேயில இருக்கே."

"இப்ப இருக்கா?"

"நீர் வேணுமெண்டால் போய்ப் பாருமன்," என்றார். நான் போகமாட்டேன் என்று நினைத்துத்தான் சொன்னார்.

3. சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமையே போனேன். என்னோடு நஸ்லியாவும் வந்தாள். எங்கள் ஆபிஸில் தாவரங்களைப் பார்ப்பவள். கொம்பனித்தெருப் பிள்ளை. அவர்கள் குடியிருந்த பழைய வரிசை வீட்டுத் தோட்டத்தை உடைத்து அந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது, அதனால் "அபிவிருத்தி" என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குச் சிரிப்பு வரும். வத்தளை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஒரு த்ரீவீல் பேசிக்கொண்டோம்.

பழைய சர்வேயில் அந்த மீன் இருந்ததாகச் சொல்லப்பட்ட முதல் இடத்தில் தண்ணீரே இல்லை. உயரமாக மண் கொட்டி, கம்பி வேலி அடித்து, கொண்டெய்னர்களை ஒன்றுக்குமேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். காவலாளி எங்கள் கைவலையைப் பார்த்துவிட்டு, "இங்க என்ன மீனா பிடிக்கப் போறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். ஓம் என்றேன். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

இரண்டாவது இடத்தில் தண்ணீர் இருந்தது. கிட்டப் போகவே மணத்தது. பக்கத்து வீடுகளின் கழிவுக் குழாய்கள் எல்லாம் அதற்குள்தான். நாங்கள் வலையைப் போட்டுப் போட்டு எடுத்தோம். வந்தது திலாப்பியாக் குஞ்சுகள் மட்டும். ஹொரதண்டியா ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது இடத்தை அடைந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அங்கே டிப்பர்கள் வரிசையில் நின்றன. பாதி மூடியாகிவிட்டது. மீதிப் பாதியில் வலைக்கு ஒரு மீனும் வரவில்லை. அங்கே ஒரு கபரகொய்யா, பெரிய நீர் உடும்பு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் புதுமண்ணில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நஸ்லியா அங்கிருந்த விளம்பரப் பலகையை வாசித்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"மிஸ், இந்த ப்ரொஜெக்ட்ட நம்ம ஆபிஸ்தான் செஞ்ச. நீங்க அப்ப லீவுல. நான்தான் செடி பார்த்த."

"மீன் இருந்ததா?"

"இருந்திச்சி மிஸ். நல்லா இருந்திச்சி. ஆனா பரவால்லன்னு போட்டாங்க. வேற எடத்துல ஈக்குதுன்னு."

"வேற எந்த இடத்தில?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "ஹெந்தளையில."

அந்த வெயிலில் நான் நின்ற நிலை எனக்கு இப்போதும் ஞாபகம். இந்தச் சதுப்பை மூடலாம், ஹெந்தளையில் இருக்கிறது. ஹெந்தளையை மூடலாம், இந்தச் சதுப்பில் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆபிஸின் ரிப்போர்ட்கள். இரண்டிலும் ஒரே ஆள், பாலேந்திரா சேர், கையெழுத்து வைத்திருக்கிறார்.

சாதாரண காலத்துக்கும் பேரழிவுக் காலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் படித்துத்தான் இருந்தேன். அது எனக்கு விளங்கியது அந்த டிப்பர்களுக்குப் பக்கத்தில்தான். சாதாரண காலத்தில் வேறு இடம் என்று ஒன்று இருக்கும். இப்போது இந்த மீனுக்கு நடந்துகொண்டிருந்தது, எல்லா வேறு இடங்களும் ஒரே காலத்தில் இல்லாமல் போவது. ஒரு சதுப்பை மட்டும் பார்த்து எழுதுகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. அவனுடைய சதுப்பு சின்னது, அவனுடைய இழப்பும் சின்னது. எல்லோரும் அப்படியே எழுதி, எல்லோரும் கையெழுத்து வைத்து, கடைசியில் ஒன்றும் மிஞ்சாது.

நஸ்லியா த்ரீவீலில் ஏறியதும் அழத் தொடங்கினாள். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

4. எண்பத்து மூன்று

திங்கட்கிழமை கதவைத் தட்டாமலே சேரின் அறைக்குள் போனேன். கண்டதைச் சொன்னேன். முடித்ததும், "பந்தியை எடுங்கோ சேர். இல்லாட்டி என்ர பெயரை எடுங்கோ," என்றேன்.

"இப்ப ஒண்டும் செய்யேலாது. ரிப்போர்ட் போயிட்டுது. ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். பிலோமினா, கொஞ்சம் யோசியும். உலகம் தொடங்கின நாளிலிருந்து உயிர்கள் அழிஞ்சு கொண்டுதான் இருக்கு. ஒரு மீனுக்காக..."

அப்போதுதான் அது என் வாயில் வந்தது. யோசித்துச் சொன்னதல்ல.

"சேர், எங்கட கொட்டாஞ்சேனையில மாசத்துக்கு ரெண்டு மூணு செத்த வீடு நடக்கும். அதே மாசம் கோயில்ல ஞானஸ்நானமும் நடக்கும். தெரு அப்படியேதான் இருக்கும். எண்பத்து மூண்டு ஜூலையில நடந்தது அதுவா?"

அவர் முகம் மாறியது. அந்த ஜூலையில், தமிழர் மேல் நடந்த கலவரத்தில், வெள்ளவத்தையில் அவர்களுடைய வீடு எரிந்தது. அவர் அப்போது படித்துக்கொண்டிருந்த பெடியன். முகாமில் இருந்து, பிறகு கப்பலில் யாழ்ப்பாணம் போனவர்கள். ஆபிஸில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கதைப்பதில்லை.

"மனுசர் சாகிறது இயற்கைதானே, அந்தக் கிழமை செத்ததையும் அதிலயே சேர்த்துப் போடலாம் எண்டு ஒருத்தன் வந்து உங்களிட்ட சொன்னா என்ன செய்வீங்க? தமிழர் வேற இடங்கள்லயும் இருக்கினம்தானே எண்டு சொன்னா?"

"மனுசரையும் மீனையும் ஒண்டாக்காதையும்," என்றார்.

"மனுசரையும் மீனையும் நான் ஒண்டாக்கல சேர். அந்தப் பொய்யும் இந்தப் பொய்யும் ஒரே பொய் எண்டுதான் சொல்றன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கரையோர ரயில் ஒன்று போகும் சத்தம் கேட்டது. அது போய் முடியும்வரை நின்றேன். அவர் திரும்பவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

நான் சொன்னது கடுமையானதென்று பிறகு நஸ்லியாவே சொன்னாள். இருக்கலாம். நான் அதைத் திருப்பி எடுக்கவில்லை.

5. ஹெந்தளைக் கூட்டம்

கூட்டம் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில், ஞாயிறு பூசை முடிந்ததும் நடந்தது. பிளாஸ்டிக் கதிரைகள், சத்தம் போடும் மின்விசிறிகள், முன்னால் ஒரு திரை. கட்டப்போகிற கம்பெனியின் மனேஜர் ருவன் வந்திருந்தார், நன்றாக உடுத்து நன்றாகச் சிரிக்கிற மனிதர். தலைமை தாங்க ஓர் அரசாங்க அதிகாரி. மேடையில் பாலேந்திரா சேருக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள்.

ருவன் சிங்களத்தில் பேசினார், ஒருவர் தமிழில் மொழிபெயர்த்தார். நீச்சல் தடாகம், சிறுவர் பூங்கா, வேலை வாய்ப்பு. பிறகு என் பெயரைச் சொல்லி, அந்தப் பந்தியைத் திரையில் போட்டு, முழுவதையும் வாசித்தார். "இதை நாங்கள் சொல்லவில்லை. விஞ்ஞானி மேடம் சொல்லுகிறார்," என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

மைக்கை இழுத்துக்கொண்டேன். சேர் மேசைக்குக் கீழே என் கையை மெல்லத் தட்டினார். வேண்டாம் என்று அர்த்தம்.

"அந்தப் பந்தியை நான் எழுதல்ல," என்றேன். தமிழில் ஒருதரம், சிங்களத்தில் ஒருதரம். "அதில சொல்லியிருக்கிற வேற இடங்களுக்கு நான் போனன். ஒண்டில கொண்டெய்னர் யார்ட். ஒண்டு கக்கூஸ் குழி. மற்றதை இப்ப மண் போட்டு மூடிக்கொண்டிருக்கிறாங்க. மீன் இல்ல. இது இயற்கையான பின்னணி அழிவு இல்ல, பேரழிவு."

மண்டபம் அதிர்ந்துபோனது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். நடுவில் ஒரு பெண் எழுந்தாள். ஜெசிந்தா என்று பெயர். சதுப்பு ஓரத்து வீட்டிலிருந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள்.

"மேடம், ஒங்கட மீன விடுங்க," என்றாள். "அது இருந்தா என்ன, செத்தா என்ன? நாங்க அதத் திங்கிறதும் இல்ல. மழ வந்தா எங்கட வீட்டுக்குள்ள தண்ணி வருமா, வராதா? அதச் சொல்லுங்க."

நிறையப் பேர் சிரித்தார்கள், கை தட்டினார்கள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்வி.

"ஜெசிந்தா, இப்ப மழ வந்தா தண்ணி எங்க போய் நிக்கிது?"

"சதுப்புலதான்."

"அத மூடினா?"

"பக்கத்துச் சதுப்புக்கு வடிஞ்சு போகும்னு இவங்க சொல்றாங்க."

"அந்தப் பக்கத்துச் சதுப்பத்தான் நான் போய்ப் பாத்தன். அதையும் மூடிக்கொண்டிருக்கிறாங்க. மீனுக்கும் போறதுக்கு இடமில்ல, தண்ணிக்கும் போறதுக்கு இடமில்ல."

அவள் உட்காரவில்லை. ருவனைப் பார்த்து, "இவங்க சொல்றது மெய்யா?" என்று கேட்டாள்.

ருவன் சிரிப்பை விடவில்லை. "மேடம் பேரழிவு என்கிறார். டைனோசர்களைக் கொன்றது வானத்திலிருந்து விழுந்த கல். ஹெந்தளையில் கல் விழுந்ததை யாராவது பார்த்தீர்களா?"

மண்டபம் மறுபடி சிரித்தது. இந்தமுறை நான் சத்தமாகவே பேசினேன்.

"ஐந்து பேரழிவுகளில மிக மோசமானது அதுவல்ல, மிஸ்டர் ருவன். அதுக்கும் வெகுகாலம் முந்தி நடந்தது. அதில கல் விழல்ல. எரிமலைகள் இலட்சக்கணக்கான வருஷம் நெருப்பும் புகையும் கக்கிச்சி. காத்து சூடாச்சி, கடல் சூடாச்சி, தண்ணியில மூச்சு விட ஒக்சிசன் இல்லாம போச்சி. கடல்ல இருந்த இனங்கள்ல மிகப் பெரும்பங்கு போச்சி. ஒரு நாள்ல இல்ல. அந்தக் காலத்தில ஏதாவது ஒரு நாள் காலையில போய்ப் பாத்திருந்தா எல்லாம் வழமை போலத்தான் இருந்திருக்கும். ஒரு குளம் வத்தியிருக்கும், அவ்வளவுதான். பேரழிவுக்குள்ள இருக்கிறவனுக்கு அது பேரழிவு எண்டு தெரியாது. அதுதான் அதில இருக்கிற பயங்கரம்."

சிங்களத்தில் அதையே திரும்பச் சொன்னேன். ருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைமை அதிகாரி, "மேடம், பந்தி உங்களுடையதல்ல என்று பதிவு செய்கிறேன்," என்றார். பாலேந்திரா சேர் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூட்டம் முடிந்து அவருடைய காரில் எனக்கு இடம் இருக்கவில்லை. பஸ்ஸில் வந்தேன்.

6. பலகையில் இருந்த மீன்

மறுநாள் சேர் தொலைபேசியில் அழைத்தார். "இனி நீர் வரத் தேவையில்லை," என்றார். ஏனென்று நானும் கேட்கவில்லை.

சில மாதங்களில் கட்டப்போகிற கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது. நிபந்தனை: மீன்களைப் பிடித்து வேறொரு தடாகத்தில் விட்டுப் பாதுகாக்க வேண்டும். எங்கள் தொழிலில் இதை இடமாற்றம் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். நான் பார்க்கப் போனபோது வீடு விற்கும் அலுவலகத்துக்கு முன்னால் சீமெந்தில் கட்டிய ஒரு தொட்டி இருந்தது. நுளம்பு வரும் என்று தோட்டக்காரர் அதற்குள் நுளம்புப் புழுக்களைத் தின்னும் கப்பி மீன்களை விட்டிருந்தார். ஹொரதண்டியா ஒன்றும் இல்லை. பக்கத்தில் அழகான பலகை: "நாங்கள் இயற்கையை நேசிக்கிறோம்." அதிலே ஒரு மீனின் படம். ஆபிரிக்க மீன் ஒன்றின் படம்.

அந்தப் பலகைக்கு முன்னால் நின்று நான் வாய்விட்டுத் திட்டினேன். விற்பனைப் பெண் பயந்து உள்ளே போய்விட்டாள்.

சதுப்பில் பெரும்பகுதி மூடியதும் மழைக்காலம் வந்தது. ஜெசிந்தாவின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அடுப்பு, மா, இடியப்பத் தட்டு எல்லாம் மிதந்தன. அடுத்த நாள் காலை அவளும் அந்த ஒழுங்கைப் பெண்களும் நனைந்த மெத்தைகளைக் கொண்டுவந்து வீதிக்குக் குறுக்கே போட்டு, அதற்கு மேல் உட்கார்ந்துகொண்டார்கள். டிப்பர்கள் உள்ளே போக முடியவில்லை. பொலிஸ் வந்து பேசியும் அவர்கள் எழவில்லை. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள், போய்ச் சொன்னேன். கடைசியில், மிஞ்சியிருந்த துண்டில் இனி மண் போடக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. தண்ணீர் நிற்க இடம் வேண்டும் என்பதற்காக. மீனுக்காக அல்ல.

நஸ்லியாவும் அதற்குள் அந்த ஆபிஸை விட்டுவிட்டாள். நாங்கள் இருவரும் அந்தத் துண்டில் இறங்கி வலை போட்டோம். முதல் தடவையே வந்தது, கண்ணாடி மாதிரி ஒரு சின்னக் கூட்டம்.

அவள் துள்ளினாள். என்னால் முடியவில்லை. நான்கு பக்கமும் வீதியும் மதிலும். ஒரு கோடையில் அது வற்றினால், ஒருவன் ஒரு வாளி விஷம் ஊற்றினால், பக்கத்திலிருந்து வந்து நிரப்ப ஒரு மீன் இல்லை. உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். இதை வெற்றி என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

7. கலியாண வீட்டில்

போன வருடம் பம்பலப்பிட்டியில் ஒரு கலியாணத்தில் பாலேந்திரா சேரைக் கண்டேன். கம்பெனியை விற்றுவிட்டாராம். மெலிந்திருந்தார், கையில் தடி. சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பிலோமினா, சுகமாய் இருக்கிறீரோ?"

"இருக்கிறன் சேர்."

வரிசை ஓரடி நகர்ந்ததும், "அண்டைக்கு நீர் சொன்னது சரி எண்டு எனக்கு அப்பவே தெரியும்," என்றார்.

அதைச் சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"தெரியும் எண்டதாலதான் சேர் எனக்குக் கோபம்," என்றேன்.

"இன்னும் போகேல்லையோ?"

"இல்ல சேர்."

அவர் தலையை ஆட்டினார். அவருக்குத் தட்டு எடுத்துக் கொடுத்தேன், சோறும் போட்டுவிட்டேன். வயதானவர், தடியோடு நிற்கிறார். ஆனால் அவரோடு ஒரே மேசையில் உட்காரவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, தெரியாதவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஜெசிந்தாவுக்கு விளக்கலாம், காவலாளிக்கு விளக்கலாம். சிலவேளை அவர்கள் நீதிமன்றம் வரைக்கும் உங்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நீங்கள் பயப்பட வேண்டியது தெரிந்தவருக்கு. எல்லாம் படித்து, சரியான சொல்லை எடுத்து, பிழையான இடத்தில் வைத்து, அதற்குக் கீழே உங்கள் பெயரையும் போடுகிறவருக்கு. அவருக்கு விளக்கிக்கொண்டிருந்து நேரத்தை வீணாக்காதீர்கள், உங்களைவிட அவருக்கு நன்றாக விளங்கும். மைக் கைக்கு வந்தால் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: நான் எழுதல்ல, இது பொய்.

கோபம் கூடாது என்று அவர் சொல்வார். கூடும்.